பேர் கேட்காத ரீச்சர்

பிள்ளை ஒன்று எதையாவது செய்துகொண்டு வந்து நீட்டினால் நாமெல்லோரும் முதலில் கேட்பது, "இது என்ன?" என்றுதான். எங்கள் பள்ளிக்கூடத்துக்குச் சித்திரம் படிப்பிக்க வந்த ரீச்சர் அதை மட்டும் கேட்கமாட்டார். பிள்ளையின் கையிலிருந்து வாங்கி, ஒருமுறை தலைகீழாகப் பிடித்துப் பார்ப்பார். விரலால் தடவுவார். "இந்த இடத்தில நல்லா அமத்திப்போட்டு, இதில ஏன் கையை எடுத்தாய்?" என்று கேட்பார். பிள்ளை யோசிக்கும். பதில் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, திருப்பிக் கொடுத்துவிடுவார்.

இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றும். நான் பயந்தேன். எங்கள் ஊரே பயந்தது. அந்தப் பயத்தில், நீந்தத் தெரியாத ஒரு மனுசியை நாங்கள் தண்ணீரில் இறக்கினோம்.

வெள்ளைக்காரர் ஆண்ட காலம்; இரண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருடம் முந்திய காலம் அது. நான் படுவான்கரையில் தோணி விட்டுக்கொண்டிருந்தேன். வாவிக்கு மேற்கே, சூரியன் படுகிற பக்கம் இருப்பதால் எங்கள் கரைக்கு அந்தப் பெயர். ரீச்சர் வாவிக்கு அந்தப் பக்கம் கல்லடியில் இருந்தவர். வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். கொழும்பில் ஏதோ கல்லூரியில் சித்திரம் படித்தவர் என்று சொன்னார்கள். திங்களும் வியாழனும் கிழக்கே எழுவான்கரையில் பஸ்ஸால் இறங்கி, என் தோணியில் ஏறி, எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வருவார். நாற்பது வயதிருக்கும். கலியாணம் செய்யாதவர். வெள்ளைச் சேலையில் எப்போதும் ஒரு மஞ்சள் கறையோ கரிக்கறையோ இருக்கும்.

தண்ணீருக்கு அப்படிப் பயந்த ஒருவரை நான் பார்த்ததில்லை. தோணியின் நடுவில் உட்கார்ந்து, இரண்டு பக்க விளிம்பையும் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். கரை சேரும்வரை விடமாட்டார். பக்கத்தில் மீன் துள்ளினால்கூடத் தலையைத் திருப்பமாட்டார். "நீந்தத் தெரியாதோ ரீச்சர்?" என்று கேட்க எனக்கு ஆறு மாதம் சென்றது.

"தெரியாது தம்பி. விழுந்தா நீங்கதான் தூக்கணும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கை விளிம்பை விடவில்லை.

பிறகு ஒருநாள் அவராகவே கேட்டார். "தம்பி, கம்பு சேத்தில இறங்கேக்கயும் மணலில குத்தேக்கயும் கைக்கு ஒரே மாதிரியா இருக்கு?"

இல்லை என்றேன்.

"எப்பிடி வித்தியாசம்?"

மூன்றாம் வகுப்போடு நின்ற நாளிலிருந்து கம்பு ஊன்றுகிறேன். அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. "சேறு இழுக்கும் ரீச்சர். விடாது. மணல் எண்டா நம்மளத் தள்ளிவிடும். பாசியிலதான் பயம். நிலம் எண்டு நினைச்சு அமத்துவம், அங்க நிலம் இராது."

அன்றைக்கு வகுப்பில் ஆளுக்கு ஒரு பிடி வாவிச் சேறும் ஒரு பலகைத் துண்டும் கொடுத்தார். "தோணி செய்ய வேணாம். கம்பு செய்ய வேணாம். இழுக்கிறதச் செய்யுங்க. தள்ளுறதச் செய்யுங்க. நிலம் எண்டு நினைச்ச இடத்தில நிலம் இல்லாமப் போறதையும் செய்யுங்க."

பள்ளிக்கூடம் துறைக்குப் பக்கத்தில்தான். தென்னங்கிடுகு வேய்ந்த ஒரே மண்டபம், இடுப்பளவு சுவர். அவரைத் திருப்பி ஏற்றிப் போகும்வரை நான் சுவருக்கு வெளியே வாகை மரத்தடியில் இருப்பேன். அன்றைக்குப் பிள்ளைகள் செய்ததைப் பார்த்தேன். ஒன்றுக்கும் உருவமில்லை. மேடு, பள்ளம், விரல் இழுத்த தடம், அவ்வளவுதான். ஆனால் ஒரு பலகையைப் பார்த்தபோது என் உள்ளங்கை கூசியது. பாசிக்குள் கம்பு போகும்போது கூசுகிற மாதிரியே. அதுவும் எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

ஒருமுறை பள்ளிக்கூடங்களைப் பார்வையிடுகிற துரை ஒருவர் வந்தார். தமிழர்தான், தொப்பி போட்டவர். ஒரு பலகையைத் தூக்கி, "என்ன இது?" என்று ஒரு பையனிடம் கேட்டார்.

"தெரியா சேர்."

"என்னெண்டு தெரியாமத்தான் செய்தியா?"

"ஓம் சேர்."

பிள்ளைகள் சிரித்தார்கள். துரை சிரிக்கவில்லை. "இவங்களுக்கு ஒரு மாம்பழத்தப் பாத்துக் கீறப் பழக்க முடியாதா?" என்று ரீச்சரிடம் கேட்டார்.

"அத மரமே நல்லாச் செய்யுது ஐயா," என்றார் அவர்.

துரை திரும்பிப் போகும்போது தோணியில் என்னிடம் சொன்னார்: "அந்த மனுசிக்குத் தலை சரியில்ல." அப்படித்தான் இருக்குமோ என்று எனக்கும் தோன்றியது. ஏனென்றால் அதற்கு முந்திய திங்கட்கிழமை நான் வேறொன்றைக் கண்டிருந்தேன். மழை இருட்டிக்கொண்டு வந்தது. அவர் பிள்ளைகளைக் கண்ணை மூடச் சொல்லி, இடி கேட்டுக் கேட்டுக் கரிக்கட்டியால் கடதாசியில் இழுக்கச் சொன்னார். முப்பது பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு, இடிக்கு இடி உடம்பை ஆட்டி ஆட்டிக் கீறிக்கொண்டிருந்தார்கள். எங்கள் அம்மன் சடங்கில் தெய்வம் ஏறுவதற்கு முன்னால் பெண்கள் ஆடுவது அப்படித்தான். என் மகள் பூரணமும் அதற்குள் இருந்தாள். ஏழு வயது. நான் மரத்தடியை விட்டு எழும்பி, தோணிக்குப் போய்விட்டேன்.

ஆவணி மாதம் அவர் ஒரு தேயிலைப் பெட்டி கொண்டுவந்தார். வெறும்பெட்டி. உள்ளே ஒட்டியிருந்த ஈயத்தாளை உரித்துத் துண்டு துண்டாக வெட்டிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். கீழே துணியை மடித்து வைத்து, ஈர்க்கால் அமத்தினால் கோடு விழும். புள்ளி விழும். அந்தப் பெட்டியைத் துறையிலிருந்து தலையில் சுமந்து கொடுத்தவன் நான்தான்.

பூரணம் தன் ஈயத்தகட்டைப் பின்னேரம் என்னிடம் காட்டினாள். கட்டம் கட்டமாகக் கீறியிருந்தாள். கட்டத்துக்குள் புள்ளிகள். சிலதில் நிறைய, சிலதில் கொஞ்சம். ஒரு கட்டம் வெறுமையாக இருந்தது. குறுக்கே ஒரு கோணல் கோடு ஓடியது. நான் கேட்கக்கூடாததைக் கேட்டேன். "என்ன புள்ள இது?"

"அம்மா நெல்லுக் குத்திற சத்தம் அப்பா."

"வெறுங்கட்டம்?"

"அது உலக்கை மேல நிக்கிற நேரம்."

தம்பி பிய்த்துவிடுவான் என்று தகட்டைச் சுருட்டி, தான் படுக்கிற பாய்க்கு நேரே மேலே தாழ்ந்த கூரைக் கிடுகுக்குள் செருகினாள். மூன்றாம் நாள் அவளுக்குக் காய்ச்சல் தொடங்கியது.

எங்கள் பக்கத்தில் தகடு என்றால் ஒன்றுதான். கட்டம் கீறி, கட்டத்துக்குள் எழுத்தோ புள்ளியோ போட்டு, சுருட்டி வைப்பது. காப்பதற்கென்றால் இடுப்பில் கட்டுவார்கள். கெடுப்பதற்கென்றால் வாசலில் புதைப்பார்கள், கூரையில் செருகுவார்கள். பூவோ மயிலோ கீறிய தகட்டை யாரும் கண்டதில்லை. உருவமில்லாமல் இருப்பதுதான் அதற்கு வலு. இதையெல்லாம் அந்த ரீச்சர் அறிந்திருக்க மாட்டார்.

ஐந்தாம் நாள் காய்ச்சலில் பூரணம் ஆளை மறந்து பிதற்றத் தொடங்கினாள். என் மனைவி கூரையைப் பார்த்தாள். சுருளைக் கண்டாள். அவள் போட்ட சத்தம் துறையில் நின்ற எனக்குக் கேட்டது.

கட்டாடியார் வந்தார். அம்மன் கோயிலில் பூசை செய்கிறவர், பேய்க்கும் செய்வினைக்கும் பார்க்கிறவர். தகட்டை விரித்தார்.

"இது ஆர் எழுதினது மனே?"

"பூரணம்தான் எழுதினவள். பள்ளிக்கூடத்தில."

"ஆர் எழுதச் சொன்னது?"

நான் சொன்னேன். சொன்னவனும் நான்தான்.

அவர் தகட்டைத் திரும்பச் சுருட்டினார். பிறகு மெதுவாக, "பிறத்தியார் எழுதின தகட்ட நான் மந்திரத்தால வெட்டுவன். குழந்தை தனக்கெண்டு தன்ட கையாலயே எழுதினத நான் எப்பிடிரா வெட்டுற?" என்றார்.

என் மனைவி என் காலைப் பிடித்துக்கொண்டாள். மகள் சொன்ன உலக்கைச் சத்தத்தை அப்போது சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும்? சத்தத்தைப் பிடித்துத் தகட்டில் கட்டியிருக்கிறாள் என்றுதான் நினைப்பார்கள். எனக்கே அப்படி ஒரு நினைப்பு வந்துவிட்டது. பூரணத்தின் நெற்றியில் கை வைக்க முடியவில்லை. அப்படிச் சுட்டது.

மாலைக்குள் பதினொரு வீட்டில் பதினொரு தகடு எடுத்தார்கள். பெட்டகத்துக்குள், தலையணைக்குக் கீழே, அரிசிப் பானைக்குள். பிள்ளைகள் தாங்கள் ஆசைப்பட்ட பொருளை ஒளிக்கிற இடங்கள்தான். செய்வினை வைக்கிற இடங்களும் அவைதான்.

அடுத்த நாள் வியாழன். காலையில் ஊர் அதிகாரியான விதானையார் துறைக்கு வந்தார். கூடவே என் மனைவியின் அண்ணன் கந்தப்பன். வைகாசியில் அவனுடைய ஒரே மகன் காய்ச்சலில் செத்திருந்தான். அவனும் அந்த வகுப்புப் பிள்ளைதான்.

"வழமை போலப் போய் ஏத்திற்று வா," என்றார் விதானையார். "ஒண்டும் சொல்லாத. சொன்னா அவ அங்கால பஸ் ஏறிருவா."

"மச்சான், உன்ட புள்ளையும் போகப்போகுது. நினைச்சுக்கொள்," என்றான் கந்தப்பன்.

போனேன். அவர் ஏறினார். விளிம்பைப் பிடித்தார். கரைக்குக் கரை அரை மணித்தியாலம். திரும்பிப் போங்க ரீச்சர் என்று சொல்ல அரை நிமிசம் போதும். என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. ஒருபக்கம் என் பிள்ளை. இன்னொரு பக்கம், இந்த மனுசி உண்மையிலேயே ஏதாவது செய்திருந்தால் என்ற பயம். நடுவாவியில், ஒரு பெண்ணோடு தனியாக, அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு வந்த பயம் எந்தப் பயம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"பூரணம் திங்கக்கிழமை வரல்லியே. சுகமில்லியா?" என்று கேட்டார்.

"காய்ச்சல் ரீச்சர்."

"கொயினா மருந்து குடுத்தீங்களா?"

நான் கம்பைப் பார்த்துக்கொண்டேன்.

பள்ளிக்கூட மண்டபத்தில் ஊர் கூடியிருந்தது. மேசையில் பதினொரு தகடு. போடியாரும் வந்திருந்தார். ஊரில் பாதி நெற்காணி அவருடையது, பள்ளிக்கூடத்துக்கு நிலம் கொடுத்தவரும் அவர்தான். கட்டாடியார் பூரணத்தின் தகட்டை எடுத்து நீட்டினார்.

"அம்மா, எங்களுக்குச் சண்டை வேணாம். இது எந்தத் தெய்வத்தின்ட மந்திரச் சக்கரம்? பேரச் சொல்லுங்க. பேர் தெரிஞ்சா நான் கழிச்சிருவன். உங்கள ஒருத்தரும் தொடமாட்டாங்க."

"இது சக்கரம் இல்ல ஐயா."

"அப்ப என்ன?"

அவர் தகட்டை வாங்கினார். தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். அத்தனை பேருக்கு முன்னாலும் விரலால் தடவினார். அதைப் பார்த்துப் பெண்கள் பின்னால் நகர்ந்தார்கள். "இது பூரணம் செஞ்சது. என்னெண்டு அவவுக்குத்தான் தெரியும். நான் கேக்கல்ல."

"படிப்பிச்ச உங்களுக்குத் தெரியாதா?" என்றார் விதானையார்.

"கேட்டா நமக்காக ஒரு பேரச் சொல்லுவாங்க ஐயா. அதால கேக்கிறதில்ல."

"ஒளிக்கிறா," என்று யாரோ சொன்னார்கள்.

போடியார் தொண்டையைச் செருமினார். அவருக்கு இதை முடித்துவிட்டு வயலுக்குப் போகவேண்டும். "ரீச்சர், ஒரு பூ எண்டு சொல்லுங்க. கோலம் எண்டு சொல்லுங்க. முடிஞ்சுது. நாங்க வீட்ட போறம்."

ஒரு சொல். அதைச் சொல்லியிருந்தால் போதும். அவர் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லிவிடுங்க, சொல்லிவிடுங்க என்று எனக்குள் கத்தினேன்.

"இது பூ இல்லையே போடியார்," என்றார்.

கந்தப்பன் மேசையைத் தள்ளிக்கொண்டு வந்தான். "என்ட புள்ளையும் இவளட்டத்தான் படிச்சவன். இவள் குடுத்த சேத்தத்தான் பிசைஞ்சவன்." குரல் உடைந்திருந்தது. "இவளத் தோணியில ஏத்தாதீங்க. நடந்து போகட்டும். செய்யாதவள் எண்டா ஆறு தாங்கும்தானே!"

எங்கள் ஆட்கள் வாவியை ஆறு என்றுதான் சொல்வார்கள். அந்தத் துறையில் பத்து அடி நடந்தால் பள்ளம். அதற்கப்பால் இரண்டு ஆள் ஆழம்.

நாலைந்து பேர் ரீச்சரின் கையைப் பிடித்துத் துறைக்கு இழுத்துப் போனார்கள்; தகட்டைப் பறித்துக்கொண்ட கட்டாடியாரும் ஊரும் பின்னால் போனோம். அவர் கத்தவில்லை. விதானையார் "டேய், டேய்" என்றாரே தவிர, கால் நகரவில்லை. தண்ணீர் அவருடைய முழங்காலுக்கு வந்தது. பிடித்தவர்கள் கையை விட்டு, முதுகில் தள்ளினார்கள். அப்போது அவருடைய இரண்டு கையும் பக்கவாட்டில் விரிந்து, பிடிக்க ஒன்றுமில்லாத இடத்தில் பிடி தேடியதைக் கண்டேன். தோணி விளிம்பு இருக்கிற உயரத்தில் அந்தக் கைகள் நின்றன.

"அது வட்டை!"

யார் கத்தியது என்று நானே திரும்பிப் பார்த்தேன். ஊர்க்கூட்டத்தில் நான் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

"என்னடா?" என்றார் விதானையார்.

"வட்டை ஐயா. எங்கட வயல் வட்டை. புள்ள என்னட்டச் சொன்னவள்." கட்டாடியார் கையிலிருந்த தகட்டை வாங்கினேன். கோடுகளைத் தொட்டுக் காட்டினேன். "இந்தக் கோடெல்லாம் வரம்பு. புள்ளியெல்லாம் விதைச்ச நெல்லு. குறுக்கால போறது வாய்க்கால்."

கட்டாடியார் குனிந்து பார்த்தார். அந்த மனிதரும் ஒரு வழி தேடிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். "ஓம்... வாய்க்கால்தான். இந்த இடத்தில திரும்புது பாருங்க."

போடியார் எட்டிப் பார்த்தார். "அப்ப என்ட காணி எது? இதா? அடேய், அரைவாசியக் காணல்லியே!"

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு வந்ததும் கூட்டம் தளர்ந்தது. தண்ணீரில் நின்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். கந்தப்பன் மட்டும் தண்ணீரிலிருந்து ஏறி வந்து, தகட்டில் விரலை வைத்தான்.

"இந்தக் கட்டத்தில ஒண்டும் இல்லையே. இது என்ன?"

உலக்கை மேலே நிற்கிற நேரம். நான் அவனுடைய முகத்தைப் பார்த்தேன்.

"அது உன்ட காணி மச்சான். நீ இந்த முறை விதைக்கல்லத்தானே."

கந்தப்பன் அந்த வெறுங்கட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கரைச் சேற்றில் அப்படியே குந்தி, முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினான். மகன் செத்தபிறகு அவன் அழுததை அன்றைக்குத்தான் கண்டோம். பெண்கள் ஓடிவந்து அவனைப் பிடித்தார்கள். ரீச்சரைத் தண்ணீரிலிருந்து நான்தான் கைகொடுத்து ஏற்றினேன்.

அவரைத் திருப்பி ஏற்றிக்கொண்டு பாதித் தூரம் வந்திருந்தோம். ஈரச்சேலை அவர் காலோடு ஒட்டிக்கிடந்தது. பல் அடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

"உங்கட மகள் உண்மையா என்ன சொன்னவ?"

சொன்னேன். உலக்கையைச் சொன்னேன். அது மேலே நிற்கிற நேரத்தையும் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு கை மட்டும் விளிம்பை விட்டு முகத்துக்குப் போனது. தோணி ஆடியதும் திரும்பவும் விளிம்புக்கு வந்தது.

"அதைச் சொல்லியிருந்தா?" என்றார்.

"உங்கள விட்டிருக்க மாட்டாங்க ரீச்சர்."

எழுவான்கரையில் இறங்கியதும் பஸ்ஸுக்கு நிற்காமல், நனைந்த சேலையோடு என்னை மருந்துசாலைக்குக் கூட்டிப்போய்க் கொயினா வாங்கித் தந்தார். கட்டாடியாருக்குத் தெரியாமல் கொடுத்தோம். கட்டாடியாரும் நூல் கட்டினார். எதனால் என்று நான் யாரோடும் வாதாடப் போவதில்லை. பூரணம் பத்து நாளில் எழும்பி உட்கார்ந்தாள்.

அடுத்த திங்கட்கிழமை அவர் வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். நடுவில் உட்கார்ந்து விளிம்பைப் பிடித்தார். அன்றைக்குப் பிள்ளைகளுக்குச் சேற்றைத்தான் கொடுத்தார். எல்லாப் பிள்ளைகளும் கட்டம் கட்டமாக வரம்பு வைத்து, விரல் நுனியால் புள்ளி குத்தினார்கள். தாய்மார் சொல்லி அனுப்பியிருந்தார்கள், ரீச்சர் என்ன சொன்னாலும் வட்டையைத்தான் செய்யவேண்டும் என்று. அவர் கேட்பதற்கு முன்னமே ஒவ்வொரு பிள்ளையும் பலகையைத் தூக்கிக் காட்டி, "வட்டை, ரீச்சர்," "வட்டை, ரீச்சர்," என்றது. மழையைச் செய்யச் சொன்னாலும் வட்டை வந்தது. புளிப்பைச் செய்யச் சொன்னாலும் வட்டை வந்தது. அந்த வருடம் முடியும்வரை வந்தார். அதற்குப் பிறகு அவரை வேறெங்கோ மாற்றிவிட்டார்கள். நான் தேடிப் போகவில்லை.

பூரணம் மெலிந்த காலோடு பள்ளிக்கூடம் போன முதல் நாள், நான் மரத்தடியில் இருந்தேன். மணி அடித்ததும் பலகையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். ரீச்சர் அவளுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார். பலகையில் வரம்பு, புள்ளி, குறுக்கே ஒரு வாய்க்கால். நான் ஒன்றும் கேட்கவில்லை.

"வட்டை அப்பா," என்றாள்.

"உலக்கைச் சத்தம் செய்யல்லியா கிளி?"

அவள் ரீச்சரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு என் காதுக்குப் பக்கத்தில் வந்து, சின்னக் குரலில் சொன்னாள்: "அது பயம் அப்பா. நீங்களே ஊருக்கு முன்னால அதச் சொல்லல்லியாம்தானே."